சல்லிசான ஃபெராரியும் யாரும் சீந்தாத ஆல்ஃபாவும்

டிஸ்கி: படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது சாப்ட்வேர். ஸ்பேனர் பிடிச்ச கை இல்ல, பொட்டி தட்டுற கை. அதனால இது மெக்கானிக் அறிவுரை கிடையாது. மூணு வருஷமா காசு சேர்த்துட்டு, அதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறதுன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விளம்பரம் மேயுற ஒருத்தனோட கருத்து. காருன்னாலே அலர்ஜின்னா இப்பவே அப்பீட்டு ஆயிக்கலாம் :-)

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். முதன்முதலா ஒரு பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறவங்க வாங்க வேண்டியது ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். அதுலயும் 1990ல வந்து 1993ல முடிஞ்ச நாலாவது சீரிஸ். ஆமா, விஷயம் தெரிஞ்சவங்க "அதெல்லாம் ஒரு ஸ்பைடரா"ன்னு உதட்டைப் பிதுக்குற அதே சீரிஸ்தான். ஏன்னு சொல்றேன், பொறுமையா கேளுங்க.

நான் பொட்டி தட்டுறது ஜெர்மனியில, ஸ்டட்கார்ட் பக்கம். ஆல்ப்ஸைத் தாண்டினா இத்தாலி. இங்க பழைய கார் வாங்குறது பெரிய பணக்கார விளையாட்டெல்லாம் இல்ல. பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர், பல் டாக்டர்னு எல்லாரும் ஷெட்ல ஒண்ணு வெச்சிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை வெயில் அடிச்சா துணியைத் தூக்கி வெளிய எடுப்பாங்க. இதைப் பாத்துப் பாத்து நமக்கும் வியாதி தொத்திக்கிச்சு. கையில இருக்குறது 25,000 யூரோ. வேற ஒருத்தர் காசு இல்ல, கடன் இல்ல. ஆனா போச்சுன்னா மறுபடி மூணு வருஷம் ஆணி புடுங்கணும்.

இந்தக் காசோட விளம்பரம் பாக்க ஆரம்பிச்சா முதல்ல கண்ணுல படுறது எது தெரியுமா? சல்லிசான ஃபெராரி. இன்னும் கொஞ்சம் போட்டா ஃபெராரி மொண்டியல் வந்துரும்! 1980லேருந்து 1993 வரைக்கும் வந்த, பின்னாடி ரெண்டு குட்டி சீட்டு வெச்ச வண்டி. ஃபெராரி ரசிகர்கள் ரொம்ப நாளா ஒதுக்கி வெச்ச பிள்ளை, அதனால மத்த ஃபெராரியைவிட விலை கம்மி. மனசு உடனே கணக்கு போடும். "குதிரை படம் போட்ட சாவி பாக்கெட்ல இருக்கும். இன்னும் ஒரே ஒரு வருஷம் சேர்த்தா போதும்..."

இங்கதான் எல்லாரும் மறந்து போற ஒரு சமாச்சாரம் இருக்கு. பழசானா காரோட விலை குறையும். பாகத்தோட விலை குறையாது. வேலைக் கூலி அறவே குறையாது. அந்த வண்டி புதுசா இருந்தப்போ எந்த வர்க்கத்துக்காகக் கட்டினாங்களோ அந்த வர்க்கத்து பில்தான் இன்னிக்கும் வரும். வாங்குறவன் மட்டும்தான் மாறியிருக்கான்.

டைமிங் பெல்ட்டை எடுத்துக்குங்க. ஃபெராரியோட அந்தக் காலத்து வி8 இன்ஜின்கள்ல கேம்ஷாஃப்டைச் சுத்துறது ரப்பர் பெல்ட். கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாட்டியும் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். அறுந்தா வால்வும் பிஸ்டனும் முத்தம் கொடுத்துக்கும், அப்புறம் இன்ஜின் பெருங்காய டப்பாதான். 308 மாதிரி பழைய வண்டியில இன்ஜின் குறுக்குவாட்டுல இருக்கும், வண்டியிலயே வெச்சு பெல்ட்டை மாத்திடலாம். 1989ல வந்த 348, 1994ல வந்த எஃப்355 ரெண்டுலயும் இன்ஜினை நீளவாட்டுல வெச்சாங்க. பெல்ட் இருக்குற பக்கம் டிரைவர் முதுகுக்குப் பின்னாடி சுவரோட ஒட்டிக்கிச்சு. விரல்கூட போகாது. அதனால பெல்ட் மாத்தணும்னா மொத்த இன்ஜினையும் கீழே இறக்கணும். மொண்டியல் கடைசியா வந்த 'டி' மாடலும் இந்தக் கூட்டம்தான். 1999ல 360 மாடல் வந்தப்போதான் சீட்டுக்குப் பின்னாடி ஒரு மூடி வெச்சு, அதைத் திறந்து மாத்துற மாதிரி செஞ்சாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு ரப்பர் பட்டைக்காக இன்ஜினை இறக்குறது. சர்வரை ரீஸ்டார்ட் பண்ண பில்டிங்கையே இடிக்கிற கதை.

என் கூட வேலை பாக்குற ஒரு ஜெர்மன்காரர் இப்படித்தான் ஒரு வி8 வாங்கினார். அவர் பேரும் வேண்டாம், வண்டி பேரும் வேண்டாம், ஆட்டோ அனுப்பிடுவாங்க. நல்ல மஞ்சள் கலர். வாங்கினப்போ விலை மலிவு, ஏன் மலிவுன்னா சர்வீஸ் ரசீது எதுவும் இல்ல. முதல் கோடையில ஜம்முனு ஓட்டினார். ரெண்டாவது வருஷம் பெல்ட் மாத்த கொடுத்த எஸ்டிமேட்டைப் பாத்துட்டு வண்டியை ஷெட்ல விட்டவர்தான், இன்னும் எடுக்கல. ஷெட் வாடகை மட்டும் மாசா மாசம் போகுது. அது பரவாயில்ல. முன்னல்லாம் மதியச் சாப்பாட்டுல உக்காந்தா மனுஷன் இத்தாலிய கார் கதையா சொல்லி நம்மளை அங்கேயே கூட்டிட்டுப் போயிடுவார். எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சதே அவரால. இப்ப நான் கார் பேச்சை எடுத்தா அவர் கால்பந்து பேச்சுக்குத் தாவிடறார். போன பணத்தைவிட எனக்கு அதுதான் வருத்தமா இருக்கு.

இதே வரிசையில மசராட்டி பைடர்போ. 1981 டிசம்பர்ல வந்தது. உற்பத்திக் கார்ல ரெண்டு டர்போ வெச்சது அதுதான் முதல். இத்தாலியில ரெண்டு லிட்டருக்கு மேல போனா வரி தாளிச்சிடுவாங்கன்னு ரெண்டு லிட்டர் வி6க்குள்ளயே பலத்தைத் திணிச்சாங்க. உள்ளே தோலும் மரமுமா மாப்பிள்ளை வீடு மாதிரி இருக்கும். ரெண்டாவது காரா, மூணாவது காரா, பொழுது போகாதவங்க வாங்கலாம். முதல் காருக்கு வேணாம் சாமி. ஃபெராரி 400 ஒண்ணு இருக்கு, வி12, அதுல கேம்ஷாஃப்டுக்குச் செயின், பெல்ட் தொல்லை கிடையாது. ஆனா ஆறு கார்புரேட்டர். அடுத்ததுக்குப் போவோம்.

இப்ப துரு. இதுதான் இந்தப் பதிவோட உயிர்.

பழைய இத்தாலிய கார்னா எல்லாரும் இன்ஜினைப் பத்திதான் பயப்படுவாங்க. இன்ஜின்கள் உண்மையிலயே நல்லவை, பராமரிச்சா கழுதை மாதிரி உழைக்கும். கொல்றது தகரம். லான்சியா பீட்டா கதை தெரியுமா? 1972ல வந்த கார். இங்கிலாந்து மழையில இன்ஜினைத் தாங்குற சட்டம் மாட்டியிருக்குற இடமே அரிச்சுப் போச்சு. 1980ல பத்திரிகைகள் கிழிச்சுத் தொங்கவிட, கம்பெனியே வித்த கார்களைத் திரும்ப வாங்கி நொறுக்க வேண்டியதாயிடுச்சு. அந்தப் பேரு போகவே இல்ல. 1994ல லான்சியா இங்கிலாந்தை விட்டே கிளம்பிடுச்சு. ராலியில உலகத்தையே ஜெயிச்ச கம்பெனிங்க அது.

ஏன் இப்படி அரிச்சதுன்னு ஒரு பிரபலமான கதை உண்டு. 1966ல ஃபியட் சோவியத் யூனியன்ல ஃபாக்டரி கட்டிக்கொடுக்க ஒப்பந்தம் போட்டுச்சே, அதுக்குக் கூலியா மட்டமான ரஷ்ய இரும்பு வந்துச்சு, அதான் காரணம்னு. கேக்க நல்லா இருக்கும். அதைவிட எனக்கு நம்புற மாதிரி இருக்குறது சாதாரணக் காரணங்கள்தான். அப்போ துருத் தடுப்புப் பூச்சு சொல்லிக்கிற அளவுக்கு இல்ல. தண்ணி தேங்குற மாதிரி மூலை முடுக்குகளோட டிசைன். உள்பெட்டிகளுக்குள்ள பெயிண்டே போகாது. இத்தாலி வெயிலுக்குச் செஞ்ச வண்டியை உப்பு தூவுற ஜெர்மன் ரோட்டுல குளிர்காலம் பூரா ஓட்டினா வேற என்ன ஆகும்? மெரீனாவுல சைக்கிளை ஒரு வருஷம் நிறுத்திப் பாருங்க, அதேதான்.

கூரை இல்லாத கார்ல இது இன்னும் மோசம். கூரை இருக்குற கார்ல உடம்போட பலத்துல ஒரு பங்கைக் கூரை தாங்கும். ஸ்பைடர்ல எல்லாப் பாரமும் சில் தலையில. சில்னா கதவுக்குக் கீழ, முன்சக்கரத்துலேருந்து பின்சக்கரம் வரைக்கும் நீளமா ஓடுற தகரப் பெட்டி. அது உள்ளேயிருந்து அரிக்கும், வெளிய பளபளன்னு பெயிண்ட் அடிச்சிருக்கும். விக்கிறவன் பட்டி பாத்து, கறுப்புக் கீல் பூசி, "போன வருஷம்தான் டிங்கரிங் முடிச்சேன்"ம்பான்.

சோதிக்கிறது ரொம்பச் சுலபம். ஒரு காந்தத்தைத் துணியில சுத்திக்கிட்டு சில் மேல, சக்கர வளைவு மேல மெதுவா இழுத்துட்டே போங்க. எங்க காந்தம் கை விடுதோ அங்க இரும்பு இல்ல, பட்டி. அடுத்து கதவு இடைவெளி. கதவை மூடிட்டு முன்னாடி ஓரத்துலயும் பின்னாடி ஓரத்துலயும் இருக்குற கோட்டைப் பாருங்க. மேல குறுகி கீழ விரிஞ்சு இருந்தா நடுமுதுகு தொங்குதுன்னு அர்த்தம். சந்தேகம் வந்தா ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கச் சொல்லுங்க. தூக்கின நிலையில கதவு சுலபமா திறந்து மூடணும். சிக்கினா, ஒரு நன்றி சொல்லிட்டு காபி குடிக்கப் போயிடலாம். டிக்கியில விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாக்கணும். கால்கீழ கம்பளத்தைத் தூக்கி ஈரம் இருக்கான்னு தொடணும். துணிக்கூரை மடங்குற பள்ளத்துலேருந்து தண்ணி வடிய ஓட்டை உண்டு, இலையும் குப்பையும் அடைச்சா அந்தத் தண்ணி எங்கயோ ஒரு இடத்துல தங்கித்தான் தீரும். விக்கிறவன் இதுக்கெல்லாம் மூஞ்சியைச் சுளிச்சா அதுவே ஒரு பதில்தான்.

இன்ஜின் போச்சுன்னா இன்னொரு இன்ஜின் வாங்கிப் போடலாம், ஒரு தொகையோட முடிஞ்சுது. சில்லும் தரையும் போச்சுன்னா வண்டியை மொத்தமா உரிச்சு, வெட்டி, பத்த வெச்சு, மறுபடி பெயிண்ட் அடிச்சு... முடிவில்லாத ப்ராஜெக்ட். ஸ்கோப் தெரியாம ஃபிக்ஸட் பிட் போட்ட மாதிரி. எத்தனை டமேஜர்களைப் பாத்திருக்கோம் :-)

சரி, ஆல்ஃபாதான் வேணுமா, வேற இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. ஃபியட் 124 ஸ்பைடர் நல்ல வண்டி. 1966 நவம்பர்ல டூரின் கண்காட்சியில வந்தது, 1985 வரைக்கும் ஓடுச்சு. வரைஞ்சது பினின்ஃபரினாவுல இருந்த டாம் டியார்டாங்கற அமெரிக்கர். இன்ஜின் அவ்ரேலியோ லாம்ப்ரெடி செஞ்சது, முன்ன ஃபெராரிக்கு வி12 செஞ்ச அதே ஆளு. கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் வண்டி கட்டினாங்க, பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போச்சு. கலிஃபோர்னியா வெயில்ல காஞ்ச வண்டி திரும்பி ஐரோப்பா வந்திருந்தா துரு கம்மியா இருக்கும், அது ஒரு நல்ல தேடல். (2016ல மஸ்டா ஃபாக்டரியில பிறந்த புது 124ஐச் சொல்லல.) நம்மூர்ல ஃபியட்டுன்னா பத்மினி, தாத்தா கார்னு நினைச்சுக்குவோம். ஆனா பம்பாயில செஞ்ச பிரீமியர் 118 என்ஈ இந்த 124 செடானோட வம்சம்தான். அப்புறம் ஏன் இதைச் சொல்லலைன்னா, முன்பக்க ஷாக் அப்சார்பர் மாட்டியிருக்குற கோபுரம் துருப்பிடிச்சு விரியுறது இதோட குலநோய். கேம்ஷாஃப்டுக்கு பெல்ட் வேற. ரெண்டும் சரியா இருக்குற வண்டி கிடைச்சா வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன்.

எக்ஸ்1/9 குட்டிப் பிசாசு. பெர்டோனேவுல காண்டினி வரைஞ்சது, 1972லேருந்து 1989 வரை. லம்போர்கினி மியூராவும் கூன்டாஷும் வரைஞ்ச அதே கை. இன்ஜின் நடுவுல, கூரையைக் கழட்டி முன்டிக்கியில வெச்சுக்கலாம். விலையும் இவங்க எல்லாரையும்விட கம்மி. நான் அஞ்சடி பதினொண்ணு, உள்ளே உக்காந்தா முட்டி காதுக்கு வருது. குள்ளமானவங்க என் பேச்சைக் கேக்காம இதைப் பாருங்க.

லான்சியா ஃபுல்வியா கூப்பே அழகோ அழகு, 1972 மாண்டே கார்லோ ராலியை முனாரி ஜெயிச்ச வண்டி. ஒடுக்கமான வி4 இன்ஜின், அதைத் தெரிஞ்ச மெக்கானிக் கிடைக்கணும். ஆல்ஃபாவோட சொந்த ஜிடிவி6ல கிளட்சும் கியர்பாக்ஸும் பின்னாடி இருக்கும், நடுவுல ஓடுற ஷாஃப்ட் எப்பவும் இன்ஜின் வேகத்துலயே சுத்தும், அதோட ரப்பர் கப்ளிங் தேயும். சத்தம் மட்டும், அடடா... அந்த வி6ஐ உருவாக்கின ஜுசெப்பே பூசோ, 2005 கடைசியில அந்த இன்ஜின் உற்பத்தி நின்னு சில நாள்ல, 2006 ஜனவரியில இறந்துபோனார். இதை நினைச்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். ஆனாலும் முதல் கார் இல்ல.

இப்ப ஆல்ஃபா ஸ்பைடர். 1966 மார்ச்சுல ஜெனிவாவுல காட்டினாங்க. பத்திஸ்தா பினின்ஃபரினா கைபட்ட கடைசி டிசைன்களில் ஒண்ணு, அடுத்த மாசமே அவர் போயிட்டார். 1967ல 'தி கிராஜுவேட்' படத்துல டஸ்டின் ஹாஃப்மன் ஓட்டினது இதைத்தான். அடியில இருக்குறது 1962ல வந்த ஜூலியா குடும்பக் காரோட சமாச்சாரம். அதாவது இது ரேஸ் வண்டியைக் குடும்பத்துக்கு இறக்கினது இல்ல, குடும்ப வண்டிக்கு நல்ல சட்டை போட்டது. எனக்கு அது ரொம்ப முக்கியம். இன்ஜின் முழு அலுமினியம், ரெண்டு கேம்ஷாஃப்ட், அதைச் சுத்துறது செயின். செயின்! இன்ஜினை இறக்க வேண்டாம், நாலு வருஷத்துக்கு ஒருக்கா எஸ்டிமேட்டைப் பாத்து மயங்கி விழ வேண்டாம். 1954ல ஜூலியட்டாவுல பிறந்து நாற்பது வருஷம் கிட்ட ஓடின குடும்பம். அஞ்சு கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அறுபதுகள்லயே.

27 வருஷத்துல ஒரு லட்சத்துக்கு மேல கட்டினாங்க, அதனால பாகம் கிடைக்கும். இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கான்னு எல்லா இடத்துலயும் இதுக்குன்னே கடை உண்டு. திங்கக்கிழமை ஆர்டர் போட்டா வாரக்கடைசிக்குள்ள தபால்காரர் கொண்டாந்து கொடுப்பார். தரைத் தகடு, சில் தகடுகூட புதுசா அடிச்சு விக்கிறாங்க. முதல் தடவை வாங்குறவனுக்கு இதைவிட என்னங்க வேணும்.

நாலு சீரிஸ் இருக்கு. முதல் சீரிஸ், 1966லேருந்து 1969 வரை, வாலு உருண்டையா இருக்கும், டுயெட்டோன்னு சொல்லுவாங்க. அழகு இதுதான், சந்தேகமே இல்ல. ஒரு நல்ல டுயெட்டோ விலையில ரெண்டு நல்ல நாலாம் சீரிஸ் வாங்கலாம். ரெண்டாவது 1970லேருந்து, வாலை வெட்டிட்டாங்க. கார்புரேட்டர் பாட்டு கேக்கணும்னா இந்த 2000 வெலோச்சே. மூணாவது 1980கள்ல, பின்னாடி கறுப்பு ரப்பர் ஸ்பாய்லர் ஒட்டி வந்தது, இத்தாலிய அழகிக்கு மீசை வரைஞ்ச மாதிரி. நாலாவதுல பினின்ஃபரினாவே ரப்பரையெல்லாம் பிச்சுப் போட்டு, காரோட கலர்லயே பம்பர் வெச்சு, வாலுக்குக் குறுக்கே நீளமா விளக்கு வெச்சு மறுபடி சுத்தமாக்கினாங்க. போஷ் மோட்ரோனிக் வந்துச்சு, பவர் ஸ்டீரிங் வந்துச்சு.

அதுக்குத்தான் தூய்மைவாதிகளுக்குக் கோபம். "கம்ப்யூட்டர் வெச்சாச்சு, ஆன்மா போச்சு." போங்கப்பா. ஒரு விஷயம் சொல்றேன். 1969லேருந்து அமெரிக்காவுக்குப் போன ஸ்பைடர்கள்ல ஸ்பிகான்னு ஒரு மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்பு இருந்துச்சு. அதுக்குள்ள முப்பரிமாணத்துல செதுக்கின ஒரு கேம். ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிச்சிருக்கு, இன்ஜின் என்ன வேகம், ரெண்டையும் வெச்சு எவ்வளவு பெட்ரோல்னு அந்த இரும்போட மேடு பள்ளம் சொல்லும். இரும்புல எழுதின லுக்கப் டேபிள்! சாப்ட்வேர்காரனா நான் அதைக் கும்பிடுவேன். ஆனா அது புரியாம எத்தனையோ பேர் கழட்டி வீசிட்டு கார்புரேட்டர் மாட்டிக்கிட்டாங்க. மோட்ரோனிக் அதே வேலையைத்தான் ஒரு டப்பாவுக்குள்ள செய்யுது. ஆன்மா கேமுல இருந்தா சரி, சிப்புல இருந்தா தப்பா? இதே கார்லதான் 1980ல, உலகத்துலயே முதல் தடவையா உற்பத்திக் காருக்கு வால்வு டைமிங்கை மாத்துற அமைப்பு வெச்சாங்க. இந்த வண்டி எப்பவுமே புது டெக்னாலஜிக்குப் பயந்தது கிடையாது, பயப்படுறது அதோட ரசிகர்கள்தான்.

முதல் கார்னா என்ன? கத்துக்குற கார். ஏப்ரல்ல ஒரு குளிர்ந்த காலையில சாவியைத் திருப்பினா அது எழுந்திருக்கணும். எழுந்தாத்தான் நான் ஓட்டுவேன், ஓட்டினாத்தான் சத்தம் பழகும், சத்தம் பழகினாத்தான் எது நோய்னு தெரியும். ரெண்டு கார்புரேட்டரை ஒத்திசைக்கிறது ஒரு கலை, ஒத்துக்கறேன். அந்தக் கலையை ரெண்டாவது கார்ல கத்துக்கலாம். சுமார் 120 குதிரை, 1,100 கிலோ சொச்சம் எடை. இன்னிக்கு டீசல் வேன்கூட சிக்னல்ல நம்மளை முந்தும். முந்தட்டுமே. கூரையைத் திறந்துட்டு மலைப்பாதையில 70ல போறதுக்கு அது தாராளம்.

இது தப்பே பண்ணாதுன்னு சொல்லல. ஓட்டிப் பாக்குறப்போ குளிர்ந்த இன்ஜின்ல ஆரம்பிக்கணும், விக்கிறவன் முன்கூட்டியே சூடாக்கி வெச்சிருந்தா உஷார். ரெண்டாவது கியர் சிங்க்ரோ இந்தக் குடும்பத்தோட பலவீனம். மூணுலேருந்து ரெண்டுக்கு இறக்குறப்போ கர்ருன்னா கியர்பாக்ஸ் செலவு காத்திருக்கு. ஷாஃப்ட்ல இருக்குற ரப்பர் கப்ளிங் வெடிச்சிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. ரேடியேட்டர் மூடியைத் திறந்தா (ஆறின பிறகுதான், கையைச் சுட்டுக்காதீங்க) மோர்க்குழம்பு மாதிரி இருந்தா ஹெட் கேஸ்கெட். வெறும் குழாத்தண்ணி ஊத்தியிருந்தா அலுமினியத்தை அரிச்சிருக்கும், அதையும் கேளுங்க. மோட்ரோனிக் பிரச்சனைன்னு சொன்னா பெரும்பாலும் ஏதோ சென்சார், ரிலே, பழைய வயர் முனைதான். பயந்து பாதி விலைக்குத் தள்ளுவாங்க, அது நமக்கு நல்லது :-)

காகிதம். இத்தாலியில வாங்கினா லிப்ரெட்டோன்னு சொல்ற ஆர்சி புக்கு மட்டும் பாத்தா பத்தாது. பிஆர்ஏன்னு ஒரு பொதுப் பதிவேடு இருக்கு, அதுலேருந்து அந்த வண்டி யார் யார் கைமாறுச்சு, கடன் பிடிமானம் எதுவும் இருக்கான்னு நகல் எடுக்கலாம். விக்கிறவன் பேரு கடைசி வரியில இல்லைன்னா நடையைக் கட்டுங்க. ஜெர்மனி பக்கம் ஒரு நல்ல சேதி. 30 வயசு தாண்டி ஒரிஜினல் நிலையில இருக்குற வண்டிக்கு எச் நம்பர் பிளேட் கிடைக்கும். வருஷ வரி எந்த இன்ஜினா இருந்தாலும் 191.73 யூரோ, ஊருக்குள்ள சுற்றுச்சூழல் வில்லை இல்லாமலே போகலாம். நாலாம் சீரிஸ்ல கடைசியா பிறந்த குட்டிக்கும் இப்ப 30 தாண்டியாச்சு. இதுவும் ஒரு காரணம், விலை இப்படியே கிடக்காதுங்கறது என் சந்தேகம்.

ஊருக்கு ஃபோன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "ஏந்தம்பி, முப்பது வருஷத்துப் பழைய வண்டிக்கு இத்தனை லட்சமா? அந்தக் காசுக்கு சரவணம்பட்டியில இடத்துக்கு அட்வான்ஸ் குடுத்துரலாமே"ன்னார் அப்பா. அம்மாவுக்கு ஒரே கேள்வி. "கண்ணு, மழை வந்தா?" அப்பா சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்ல, நிலம் துருப்பிடிக்காது. ஆனா கல்யாணம், குழந்தைன்னு ஆனப்புறம் ரெண்டு சீட்டு வண்டியை எந்த மூஞ்சியோட வாங்குறது? இப்ப இல்லைன்னா அறுபது வயசுலதான். அப்ப குனிஞ்சு ஏற முடியுமோ என்னவோ.

கணக்கு இப்படி வெச்சிருக்கேன். 25,000ல வண்டிக்கு 18,000 தாண்டக் கூடாது. மிச்சம் 7,000 அப்படியே பேங்க்ல. முதல் வருஷத்துல டயர், பிரேக் ஹோஸ், எல்லா எண்ணெய், கூரைத் துணின்னு அதுல பாதி போயிடும். இந்த 7,000 இல்லாதவங்க விலை குறைஞ்ச கார் வாங்கணும், பெரிய பேரு வாங்கக் கூடாது. மஞ்சள் வி8காரர்கிட்ட வாங்குன அன்னிக்குக் கையில மிச்சம் எவ்வளவு இருந்துச்சுன்னு போன வாரம் கேட்டேன். சிரிச்சுட்டு கால்பந்துக்குப் போயிட்டார்.

பெர்கமோ பக்கம் ஒரு 1991 மாடல் இருக்கு. கருநீலம், ரெண்டே ஓனர், 17,500 கேக்குறார். பதினாலு ஃபோட்டோ அனுப்பியிருக்கார். பானெட், டேஷ்போர்டு, சூரிய அஸ்தமனத்துல முன்மூஞ்சின்னு எல்லாம் ஜோர். சில் ஃபோட்டோவும் ஸ்டெப்னி குழி ஃபோட்டோவும் மட்டும் இல்ல. நேத்து ராத்திரி கேட்டு எழுதியிருக்கேன். அது வந்தாத்தான் ரயில் டிக்கெட்.